பிரசவக் கலயத்துச் சீட்டுகள்

சம்பள நாளன்று மாலை, விளக்கு வைப்பதற்கு முன், நானும் என் மனைவியும் சமையலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து பணத்தைப் பிரிப்போம். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா. யுத்த காலத்துப் பஞ்சப்படியையும் சேர்த்துக் கைக்கு வந்தது நாற்பத்திரண்டு ரூபாய். அதைப் போட்டு வைக்கச் சுவரோரம் ஏழு மண் கலயங்கள் வைத்திருந்தேன். மளிகைக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று. பால், காய்கறி, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மூன்று. வண்ணாருக்கும் நாவிதருக்கும் சேர்த்து ஒன்று. ஒரு கலயத்துப் பணத்தை இன்னொன்றின் செலவுக்கு எடுக்கக் கூடாது. காய்கறிக் கலயம் இருபத்தைந்தாம் தேதியே காலியானால் மீதி நாட்களுக்குப் புளிக்குழம்புதான்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் முந்தின நாள் செலவை எழுதுவேன். அவள் அடுப்பிலிருந்தபடியே சொல்லுவாள்.

"கத்திரிக்கா ஓரணா. கருவேப்பிலை காலணா."

"கருவேப்பிலை முந்தாநாள்தானே வாங்கினது?"

"அது காஞ்சி போச்சிங்க. ஆபீசுல கூட இப்டித் துருவித் துருவிக் கேக்க மாட்டாங்க போலருக்குது."

"ஆபீசுல கேட்டிருந்தா ஆபீசு உருப்பட்டிருக்கும்."

"கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க. உப்பு எத்தன கல்லு போட்டன்னும் சொல்லிர்றன், எழுதிக்கங்க."

சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். அவளுக்கும் அந்தக் கணக்கில் ஒரு பிடிப்பு இருந்தது. மாதக் கடைசியில் ஏதாவது ஒரு கலயத்தில் அரையணா மிஞ்சினால் முதலில் பார்ப்பது அவள்தான்.

எட்டாவது கலயத்தை அவளுக்கு மூன்று மாதம் ஆனபோது வாங்கினேன். பிரசவக் கலயம் என்று அதற்குப் பெயர் வைத்தவள் அவள். மாதக் கடைசியில் மற்ற ஏழிலும் மிஞ்சுவதை அதில் போட வேண்டும். போட்டதை எடுக்கக் கூடாது.

அதற்கு முன் இரண்டு பிரசவங்கள் ஆகியிருந்தன. முதலாவது பாப்பாரப்பட்டியில், அவள் தாய் வீட்டில். அந்தக் குழந்தை ஒரு பகல் இருந்தது. இரண்டாவது எங்கள் வீட்டில். அது இறந்தே பிறந்தது. அவளும் பிழைப்பாளா என்று இருந்தது. நகைகளை விற்று அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோய் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மாள் பரிசோதித்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டே, இடுப்பு எலும்பு குறுகல் என்றார். அடுத்தது உண்டானால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, நாள் நெருங்கும் முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட வேண்டும், தேவைப்பட்டால் வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் பயந்துபோய் நின்றேன். அவள்தான் கேட்டாள்.

"செலவு எவ்ளோ ஆவுங்கம்மா?"

"வார்டுக்கு ஒன்றும் வேண்டாம். மருந்து, ஊசி வெளியில் வாங்க வேண்டியிருக்கும். துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு. கையில் முப்பது ரூபாயோடு வாருங்கள்."

அந்த முப்பதுதான் எங்கள் எண். வேறு எந்த எண்ணையும் நான் அப்படிச் சுமந்ததில்லை. நான் காபியை விட்டேன். வெற்றிலையை விட்டேன். அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை வாரத்தில் ஒரு நாளாக்கிக்கொண்டாள். பித்தளை விலை ஏறியிருந்ததால் ஒரு அண்டாவையும் இரண்டு குடங்களையும் விற்று அந்த ஆறு ரூபாயைக் கலயத்தில் போட்டோம். அவள் கழுத்தில் தாலியோடு இரண்டு பொன் குண்டுகள் இருந்தன. பிரசவத்துக்குப் போகிற பெண்ணிடம் அதைக் கழற்றித் தரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் சில்லறை காணாமல் போனது. செம்புக்கும் நிக்கலுக்கும் யுத்தத்தால் கிராக்கி, காசை உருக்கினால் காசைவிட அதிகம் கிடைக்கும் என்று பேச்சு. ஜப்பான்காரன் வந்தால் நோட்டு செல்லாது, உலோகம்தான் செல்லும் என்று இன்னொரு பேச்சு. காசு வைத்திருந்தவர்கள் எல்லாம் பானையில் போட்டு மூடினார்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்து இரண்டணாவுக்குச் சாமான் வாங்கினால் மீதிக்குக் கடைக்காரரிடம் காசு கிடையாது. பதிலுக்குத் தீப்பெட்டி தருவார், தபால் தலை தருவார். கடைசியில் எங்கள் மளிகைக்கடைக்காரர் சீட்டு அடித்தார். கெட்டி அட்டையில் கடை முத்திரை குத்தி, அரையணா, ஓரணா, இரண்டணா என்று மையால் எழுதி, கீழே அவர் கையெழுத்து. அந்தக் கடையில் கொடுத்தால் அந்த மதிப்புக்குச் சாமான். வேறு எங்கும் செல்லாது.

ஒருமுறை சந்தையில் சித்தேரி மலையிலிருந்து சாமை கொண்டுவந்திருந்த ஒரு பெண்ணிடம் நான் அந்தச் சீட்டை நீட்டிப் பார்த்தேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னா சாமி?"

"ரெண்டணா. மளிகைக் கடையில குடுத்தா உப்பு, பருப்பு எது வேணாலும் தருவாரு."

"அவரு தருவாரு. நான் மலைக்கு எடுத்துட்டுப் போனா என் வூட்டு ஆடு கூட இதத் திங்காது." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் காட்டி, "ஏ, இந்தச் சாமிக்கு அட்டைக்குச் சாமை வேணுமாம்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் நாணயம் கொடுத்து வாங்கிவந்தேன்.

ஆனால் சீட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. என் மைத்துனன் பாப்பாரப்பட்டியிலிருந்து மாதம் ஒருமுறையாவது வருவான். மாட்டுக்குத் தவிடு, கிணற்றுக்குக் கயிறு என்று ஏதாவது ஒன்று சொல்லி இரண்டோ மூன்றோ கேட்பான். வீட்டில் நோட்டு இருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வராது. பொய் சொன்னால் மறுநாள் காலைக் கணக்கு எழுதும்போது உறுத்தும். ஒருநாள் அவன் எட்டாவது கலயத்தைத் திறந்து பார்த்தான். உள்ளே சீட்டுகளை நூலால் கட்டி வைத்திருந்தேன்.

"என்னா மாமா, பஸ் டிக்கெட்டாட்டம் சேத்து வெச்சிருக்கீங்க?"

"மளிகைக் கடை சீட்டு. வேணுமா?"

"எனக்கு எதுக்கு? எங்கூர்ல இதுக்கு ஒரு பீடி கூடத் தர மாட்டான்." மூடியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வலுத்தது. நோட்டைக் கடன் கேட்பார்கள், சீட்டைக் கேட்க மாட்டார்கள். நோட்டு பஸ்ஸிலும் சந்தையிலும் கரையும், சீட்டு ஒரே இடத்தில்தான் கரையும். சேமிக்கிறவனுக்கு இதைவிடப் பத்திரம் வேறு இல்லை. பிரசவத்துக்குக் கிளம்பும் மாதம் முழுவதும் மளிகையைச் சீட்டுக்கே வாங்கிக்கொள்வது, அந்த மாதத்து மளிகைப் பணம் பதினெட்டு ரூபாயை நோட்டாகவே சேலத்துக்கு எடுத்துச் செல்வது என்று திட்டம் போட்டேன். பதினெட்டு சீட்டிலிருந்து, பன்னிரண்டு மற்ற சேமிப்பிலிருந்து. முப்பது. காகிதத்தில் எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, "சரியாத்தாங்க வருது" என்றாள்.

என் சம்பளத்தில் ஒரு பகுதி கஜானாவிலிருந்து சில்லறையாக வரும். மளிகைக்கடைக்காரருக்கு அது தெரியும். ஒருநாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"அய்யா, ஒங்ககிட்ட வர்ற சில்லறைய வெளிய விட்றாதீங்க. எங்கிட்டக் குடுங்க. ரூவாச் சில்லறைக்குப் பதினேழணா சீட்டு தரன். ஓரணா ஒங்களுக்கு லாபம்."

"எப்போ வந்தாலும் சாமான் கிடைக்குமா?"

"என்னாங்கய்யா இப்டிக் கேட்டுட்டீங்க! எங்கப்பன் வெச்ச கடைங்க. இது எங்க எந்திரிச்சிப் போயிரப் போவுது?"

நான் கொடுத்தேன். மாதாமாதம் கொடுத்தேன். கலயத்தில் இருக்கும்போதே பணம் வளர்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த அணாக்களைத் தனி வரியில் எழுதினேன். அவள் ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்று கனத்துக்கொண்டு வந்தாள். சீட்டுக் கட்டும் கனத்தது. மதியம் வேலை முடிந்து படுத்திருக்கும்போது கட்டை அவிழ்த்து எண்ணிவிட்டுத் திரும்பக் கட்டி வைப்பாள் என்று பக்கத்து வீட்டம்மாள் பிற்பாடு சொன்னார்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது, முதல் தேதி சம்பளம் வாங்கி, மளிகைக்கு உரிய பதினெட்டு ரூபாயையும் எடுத்து எட்டாவது கலயத்தில் வைத்தேன். நோட்டில் முப்பது இருந்தது. சீட்டு பதினெட்டு ரூபாய்க்குச் சற்று மேல். இருபதாம் தேதி பொம்மிடிக்குப் போய் ரயில் ஏறுவது என்று முடிவு. அவள் ஒரு பழைய புடவையைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டு, துணி மூட்டையைக்கூடக் கட்டிவிட்டாள். வீட்டில் இருந்த அரிசி நாலைந்து நாளுக்கு வந்தது. அது தீர்ந்ததும் முதல் தடவையாகச் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடை வாசலில் கூட்டம். கதவில் பூட்டு. பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்து முத்திரை. முந்தின நாள் பிற்பகல் தர்மபுரியிலிருந்து அதிகாரிகள் வந்து சோதனை போட்டிருக்கிறார்கள். புளிக்கிடங்கில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்ததாம். அவற்றின் பின்னால் கோணிப்பைகளில் சில்லறை. காலணா, அரையணா, ஓரணா. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது என்றார்கள். கடைக்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சில்லறையில் என்னுடையதும் இருந்தது.

டீக்கடைக்காரர் கையில் ஏழெட்டுச் சீட்டுகளைச் சீட்டாட்டம் ஆடுகிறவர் போல விரித்துப் பிடித்திருந்தார். "ஆசும் இல்ல, ராஜாவும் இல்ல. எவன்கிட்ட எறங்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வயதான குடியானவர், "எனக்கு மூணணாதான் போச்சி. மொட்டை போட்டன்னு நெனச்சிக்கறன்" என்றார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"ரைட்டரய்யா, ஒங்களுக்கு எவ்ளோங்க?"

"பதினெட்டு ரூபா."

"பதினெட்டணாங்களா?"

"ரூபா."

சிரிப்பு நின்றது. அவர் தம் கையிலிருந்த சீட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அவ்ளோவாங்க" என்று மட்டும் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். படித்த, கணக்குத் தெரிந்த ஆள் இப்படி மாட்டிக்கொண்டது அவர்களுக்கே சங்கடமாக இருந்தது போலும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அரிசி வரும், புடைக்கலாம் என்று. முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

"அப்ப இந்த மாச அரிசிக்கு?"

அதுதான் விஷயம். சீட்டு போனது ஒரு நஷ்டம். அந்தச் சீட்டை நம்பி எடுத்து வைத்த மளிகைப் பணத்தைத் திரும்ப மளிகைக்கே கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஊரில் பெரிய கடை மூடிவிட்டதால் மற்ற இரண்டு சின்னக் கடைகளில் அரிசி விலை அன்று மாலையே ஏறிவிட்டது. அதிலும் கேட்ட அளவு கிடைக்காது; கிடைக்கும்போதே மாதக் கடைசி வரைக்கும் சேர்த்து வாங்கிவிட வேண்டும். பதினெட்டு ரூபாய் அந்த மாதத்துக்குப் போதாது என்று தெரிந்தது. நான் பிரசவக் கலயத்தைத் திறந்து எடுத்தேன். எடுக்கக் கூடாது என்ற விதியைப் போட்டவனே எடுத்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் எடுத்ததை எழுதினேன். எழுத எழுத முப்பதிலிருந்து அது இறங்கியது.

ஆபீசில் மேலதிகாரியிடம் முன்பணம் கேட்டேன். அவர் நல்லவர்தான். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எனக்கு அந்த விதி தெரியும், நானேதான் அதற்கு அட்டை போட்டு வைத்திருந்தேன். இடமில்லை. சக குமாஸ்தாக்கள் இரண்டு பேரிடம் சேர்த்து ஒன்றரை ரூபாய் கிடைத்தது. மைத்துனனுக்குக் கடிதம் போட்டேன். அவன் நேரில் வந்தான். வெறுங்கையோடு வந்து, வாசலில் நின்று, "எங்கிட்ட இருந்தா நான் எதுக்கு மாமா ஒங்ககிட்ட வந்து நிக்கப் போறன்" என்று அழுதுவிட்டுப் போனான்.

இருபதாம் தேதி கலயத்தில் ஒன்பது ரூபாய் சொச்சம் இருந்தது. மூட்டை கட்டியபடியே இருந்தது. நான் கிளம்பலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை.

"ஒம்பது ரூவாய வெச்சிக்கிட்டு அங்க போயி, ஊசி வாங்கிட்டு வா, மருந்து வாங்கிட்டு வான்னா யாருகிட்டங்க கையேந்தறது? தெரிஞ்ச மொகம் ஒண்ணு உண்டா?"

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிப் பார்க்கலாம்."

"அவங்க முப்பதுன்னு சொன்னாங்க. நாம சரின்னு தலைய ஆட்டிட்டு வந்தம். ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்கிட்டே போயிரலாங்க. நாள் இருக்குதே, எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்ன நாள் கணக்கின்படி ஒன்றாம் தேதிக்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. கணக்கு இடம் கொடுத்தது. எனக்குக் கணக்கு இடம் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

சம்பளத்துக்குச் சில நாட்களே இருந்தன. காலையில் நான் முந்தின நாள் செலவை எழுத உட்கார்ந்தபோது அடுப்படியிலிருந்து பதில் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தரை நனைந்திருந்தது.

அப்போது பொம்மிடிக்குக் கரி பஸ்தான். பின்னால் அடுப்பு கட்டி, கரியைப் போட்டு ஊதி, சூடேற்றிக் கிளப்புவார்கள். நான் ஓடிப்போய்ச் சேரும்போது அது போய்விட்டிருந்தது. அடுத்தது பிற்பகலில், கிளம்பினால் உண்டு. மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டம்மாள் மருத்துவச்சியை அழைத்து வந்திருந்தார். மருத்துவச்சி வண்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வெளியே வந்தாள்.

"வண்டிய அனுப்பிருங்க சாமி. இனிமே இந்தப் பொண்ணத் தூக்க முடியாது."

"வீட்டில் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"சொல்லியிருப்பாங்க. கல்லுலயும் மேட்டுலயும் வண்டி ஏறி எறங்கறதுக்குள்ள ரெண்டும் போயிரும். ஒண்ணயாச்சும் பாக்கலாம்."

வண்டிக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம்வரை ஆயிற்று. பெண் குழந்தை. நல்ல வளர்த்தி. தலை நிறைய முடி. மருத்துவச்சி அதன் முதுகைத் தட்டினாள், தலைகீழாகப் பிடித்தாள், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். பிறகு நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை உள்ளே படுத்திருந்தவள் சத்தம் நின்றதிலிருந்து தெரிந்துகொண்டாள். "அவரு கையில ஒரு தடவ குடுங்க" என்றாள். கொடுத்தார்கள். சேலத்துக்கென்று கிழித்து வைத்திருந்த புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அதன் எடையைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. சரியான தேதியில் வந்தது, ஒரு நாளும் தவறியதில்லை. அவளுக்கு ஜுரம் இருந்தது. நான் மட்டும் தரையில் உட்கார்ந்து ஏழு கலயங்களிலும் போட்டேன். எட்டாவதன் முன் கை நின்றது. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எடுத்து மேல அட்டாலியில வெச்சிருங்க. கண்ணுல பட வேணாம்."

"சீட்டு உள்ளே இருக்குது."

"இருக்கட்டும்."

அவள் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆயிற்று. நான் காலைக் கணக்கை நிறுத்தவில்லை. அதை நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளை மட்டும் கேட்பதில்லை. நானே கூடையைப் பார்த்து, அடுப்படியைப் பார்த்து, தோராயமாக எழுதினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோராயமாக எழுதினேன். விலைகள் ஏறிக்கொண்டே போயின. எந்தத் தொகையை எந்தக் கலயத்தில் போட்டாலும் பாதி மாதத்தில் அடி தெரிந்தது. இந்த வேலைக்கு அர்த்தம் இருப்பதாக ஒருகாலத்தில் நம்பினேனே, அந்த நம்பிக்கையாவது மிச்சமிருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இல்லை. கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து மளிகைக்கடைக்காரர் திரும்பி வந்தார். அபராதம் கட்டி, லைசென்ஸ் திரும்ப வாங்கி, கடைக்கு வெள்ளை அடித்துத் திறந்தார். சீட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் வந்து சாமான் வாங்கிக்கொள்ளலாம், ஒரு சீட்டும் வீண் போகாது என்று தண்டோரா போட்டார்கள். டீக்கடைக்காரரே என்னைத் தேடி வந்து சொன்னார். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

நான் வீட்டில் சொன்னேன். அவள் அட்டாலியிலிருந்து கலயத்தை இறக்கச் சொன்னாள். சீட்டுக் கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாங்க" என்றாள்.

கடைக்காரர் இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து கும்பிட்டார்.

"அய்யா, அம்மா, வாங்க வாங்க. ஒங்கள நெனச்சித்தான் எனக்கு உள்ள தூக்கம் புடிக்கல. ஊர்லயே பெரிய சீட்டு ஒங்களுதுதான். ஒரு பைசா கொறைக்க மாட்டன்." பிறகு, அவளைப் பார்த்து, முகம் மலர்ந்து கேட்டார். "கொழந்த எப்டிங்கம்மா இருக்குது? என்னா கொழந்தைங்க?"

அவருக்குத் தெரியாது. தெரிய வழியில்லை.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அரிசி போடுங்க" என்றாள்.

கடையில் நின்றிருந்த ஒருவர் கடைக்காரரின் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறியது. அவரே கீழே இறங்கிப் படியால் அளந்து போட்டார். ஒவ்வொரு படியின் தலையையும் கூம்பாக விட்டு, வழிக்காமல் போட்டார். விலை பழைய விலை இல்லை. எங்கள் ஒரு மாத மளிகைக்கென்று சேர்த்த சீட்டுக்கு இப்போது முக்கால் மாதச் சாமான்தான் வந்தது. அது அவர் குற்றமில்லை. அரிசி, துவரம்பருப்பு, மிளகாய், புளி. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மீதி ஒன்றரையணா நின்றது. அவர் பழக்கத்தில் கல்லாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவிட்டு, சட்டென்று கீழே வைத்தார்.

"வெல்லமா குடுத்துருங்க" என்றாள் அவள்.

மூட்டையை நான் தோளில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவள் முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்க உட்கார்ந்தாள். கல் அதிகம் இருந்தது.

அந்த மாதம் மளிகைக் கலயத்தில் கை வைக்க வேண்டிய தேவை கடைசி வாரத்தில்தான் வந்தது. அதனால் கடைசித் தேதியில் அதில் பதினோரு ரூபாய் நோட்டாகவே கிடந்தது. நான் திட்டம் போட்டது அப்படித்தான், சீட்டுக்குச் சாமான், கைக்கு நோட்டு. எல்லாம் எழுதியபடியே நடந்தது. நோட்டுகளை விரித்து அவள் முன்னால் வைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. வாசலில் காயப்போட்டிருந்த மிளகாயைப் புரட்டிக்கொண்டே, "யாராச்சும் கேட்டா குடுத்துருங்க" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அரிசி இன்னும் ஏறியது. அதில் போயிற்று.